பட்டறைத் திண்ணை: ரோட்டுக்கு ஆகாத வண்டி

போன இதழில் டிராக்டர் கிளட்ச் பற்றி எழுதும்போது, என் தோட்டத்திலும் ஒரு பழைய ஜீப் நிற்கிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரிக்குத்தான். ஊருக்கு ஊர் வேப்ப மரத்தடியில் இப்படி ஒரு வண்டி நிற்கிறது போல! கிளட்ச் கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த மாதம் பார்ப்போம்.

கேள்வி: அப்பா 1992-ல் வாங்கிய மஹிந்திரா டீசல் ஜீப், ஃபோர் வீல் (நாலு சக்கரமும் இழுக்கும் வகை). ஆர்.சி. 2022-ல் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. இன்சூரன்ஸும் இல்லை. தரைத் தகடு ஓட்டை. ஆனால் எஞ்சின் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும். பழைய இரும்புக்காரர் 45 ஆயிரத்துக்குக் கேட்கிறார். எட்டு ஏக்கர் தென்னந்தோப்புக்குள் தேங்காய், மட்டை, எரு இழுக்க மட்டும் வைத்துக்கொள்ளலாமா? தோப்பு இரண்டு துண்டு. நடுவே ஒரு இட்டேரி (இரு பக்கமும் வேலி உள்ள ஊர் வண்டிப்பாதை) போகிறது, அதை மட்டும் குறுக்கே கடக்க வேண்டும். போலீஸ், ஆர்.டி.ஓ. தொந்தரவு வருமா?
– வாசகர், ஆனைமலை

பதில்: வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. தென்னந்தோப்புக்கு ஜீப் போலத் தோதான வண்டி கிடையாது என்பது என் கட்சி. மரத்துக்கு மரம் 25 அடி விட்டு வைத்த தோப்பில் டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து திரும்புவதற்குள் சொட்டுநீர்க் குழாய் நாலு இடத்தில் நசுங்கிவிடும். ஜீப் அந்த இடத்துக்குள்ளேயே வட்டமடித்து வந்துவிடும். ஃபோர் வீலில் லோ கியர் போட்டுக் கிளட்சை விட்டால், ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலே ஆள் நடக்கிற வேகத்தில் நகரும். இரண்டு பேர் பக்கத்தில் நடந்தபடி காயைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே வரலாம்.

ஆனால் ஒன்று கவனித்தேன். எஞ்சின் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும் என்று எழுதிய நீங்கள், பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. முதலில் சட்டத்தை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

‘என் பூமிக்குள் என் வண்டி, எவன் கேட்பது?’ என்று டீக்கடையில் சொல்வார்கள். அது பாதிதான் சரி. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் லைசென்ஸ் பற்றிய 3-ம் பிரிவும், இன்சூரன்ஸ் பற்றிய 146-ம் பிரிவும் பொது இடத்தில் ஓட்டுவதைப் பற்றித்தான் பேசுகின்றன. பதிவைப் பற்றிய 39-ம் பிரிவு அப்படி இல்லை. பொது இடத்தில் மட்டுமல்ல, வேறு எந்த இடத்திலும் பதிவு இல்லாத வண்டியை ஓட்டக் கூடாது என்கிறது. தொழிற்சாலை போன்ற அடைத்த வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென்றே அமைத்த தனி வகை வண்டிக்கு விலக்கு உண்டு. உங்கள் ஜீப் அந்தக் கணக்கில் வராது. இதற்காக ஓர் அதிகாரி தோப்புக்குள் வந்து ஆர்.சி. எங்கே என்று கேட்டதை நான் பார்த்ததில்லை. ஆனால் யாருக்காவது அடிபட்டு வழக்கு என்று ஆகிவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பிரிவைப் படித்துவிட்டுத்தான் கோர்ட்டுக்கு வருவார்.

இட்டேரி விஷயத்தில் பாதி, கால் என்ற பேச்சே இல்லை. பொது ஜனங்கள் போக வர உரிமை உள்ள எந்த இடமும் பொது இடம்தான். தார் போட்டிருக்கிறதா, மண்ணா, கள்ளி வேலிக்கு நடுவே எட்டடி அகலமா என்பதெல்லாம் கணக்கில்லை. குறுக்கே கடப்பது இருபது அடிதான் என்றாலும், அந்த இருபது அடியில் உங்கள் வண்டி பதிவும் இன்சூரன்ஸும் இல்லாத வண்டி. பதிவில்லாமல் ஓட்டினால் முதல் தடவை 5,000 ரூபாய் வரை அபராதம். இன்சூரன்ஸ் இல்லாததற்கு 2,000 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். இட்டேரியில் ஆடு ஓட்டி வருகிற கிழவர் மேல் பட்டால், இழப்பீடு முழுவதும் உங்கள் கையிலிருந்துதான். அது 45 ஆயிரத்தில் முடிகிற கணக்கில்லை, தோப்பில் ஒரு துண்டை விற்கிற கணக்கு.

அதனால் உங்களுக்கு என் யோசனை, ஆர்.சி.யைப் புதுப்பித்துவிடுங்கள். படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டினால் ஐந்து வருடத்துக்குப் போட்டுத் தருவார்கள். கட்டணம் ஏறிவிட்டது. 20 வருடம் தாண்டிய கார், ஜீப் வகைக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய். அதோடு பசுமை வரி, தாமதித்ததற்கான தொகை, இன்சூரன்ஸ் எல்லாம் சேரும். வலிக்கத்தான் செய்யும். இட்டேரி நடுவே இல்லாமல் தோப்பு ஒரே துண்டாக இருந்திருந்தால் யோசிக்கலாம் என்று சொல்லியிருப்பேன். ஆர்.டி.ஓ.வில் காட்டுவதற்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் எதைப் பார்க்கிறார்கள்? பிரேக், ஸ்டீயரிங், டயர், தரை, விளக்கு. விளக்கைத் தவிர மற்ற நாலும் தோப்புக்குள்ளேயும் வேண்டியவைதானே! ரோட்டுக்கு ஆகாத வண்டி என்று ஒதுக்கியவுடன் நம் ஆட்கள் பிரேக்கையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறார்கள். ‘மெதுவாத்தானே போறோம்’ என்பார்கள். மெதுவாகப் போகிற வண்டிதான் நம் ஊர்க் கிணறுகளில் விழுந்திருக்கிறது.

நின்ற வண்டியில் முதலில் கெடுவது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் வீல் சிலிண்டருக்குள் துருவாகும். பிஸ்டன் இறுகிப் போகும், இல்லாவிட்டால் ரப்பர் வாஷர் கிழிந்து ஒழுகும். நாலு சக்கரத்தில் இரண்டு பிடித்து இரண்டு பிடிக்காவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ரோட்டில் அது ஒரு குலுக்கல். வரப்பு ஓரத்தில், ஐந்நூறு கிலோ எருவோடு, ஈர மண்ணில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பழைய ஜீப்புகளில் பெரும்பாலும் பிரேக் லைன் ஒரே சர்க்யூட். ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் சேர்த்துப் போய்விடும்.

மாஸ்டர் சிலிண்டருக்கு கிட், நாலு வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். ‘இது நல்லாத்தான் இருக்கு, இருக்கட்டும்’ என்று மெக்கானிக் ஒன்றிரண்டை மிச்சம் பிடித்தால் விடாதீர்கள். பிரேக் லைனரில் ஆயில் ஊறியிருந்தால் துடைத்துப் போடுகிற வேலை வேண்டாம், புது லைனர்தான். பிறகு பழைய ஆயிலை முழுக்க இறக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்றி, தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்து ஏர் எடுக்கச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக்கும் பிடிக்க வேண்டும். அதன் பிறகும் வண்டியில் ஒரு முக்கோணக் கட்டை எப்போதும் கிடக்கட்டும், மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்கு வைக்க.

உங்கள் பக்கத்தில் பல கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. உங்கள் கிணறும் அப்படி என்றால், விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி பெரிய கல்லாகப் போட்டு ஒரு வரிசை கட்டிவிடுங்கள். வண்டி அதைத் தாண்டவே கூடாது. சுவர் கட்டுவது அப்புறம் ஆகட்டும், கல் இந்த வாரமே.

தரைத் தகட்டை ஒட்டுப் போட வேண்டாம். துருவை வெட்டி எடுத்துவிட்டு முழுத் தகடாக வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். டீசல் டேங்கை இறக்கி வைத்துவிட்டு வெல்டிங். இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பீர்கள், சொல்ல வேண்டியிருக்கிறது. பொட்டாஷ், யூரியா ஏற்றிய நாளில் பின்பக்கத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இரும்பை அரிப்பதில் பொட்டாஷுக்கு ஈடு உப்புதான். தகடு ஓட்டையானதே அதனாலாகத்தான் இருக்கும். மூட்டைக்கு அடியில் ஒரு பழைய ரப்பர் மேட் போட்டாலே பாதித் தொல்லை குறையும்.

பெயின்ட், ஹூட், சீட் கவர், மீட்டர் இதற்கெல்லாம் ஒரு ரூபாய் போடாதீர்கள். புதிதாகப் பளபளப்பாக இருந்தால் மச்சான்மார் கல்யாணத்துக்குக் கேட்பார்கள். தேங்காய்க்கு நடுவே, பின் கதவின் மேல், பானட்டின் மேல் ஆள் உட்காரக் கூடாது. லீவுக்குப் பிள்ளைகள் வந்தால் சாவி வீட்டுக்குள் ஆணியில் இருக்கட்டும். ஃபோர் லோவில் கிடக்கிற ஜீப்பை எட்டு வயதுப் பையன்கூட சாவி திருப்பி நகர்த்திவிடுவான், நிறுத்தத்தான் அவன் காலுக்கு எட்டாது.

கேள்வி: எங்களுடைய பழைய டிராக்டரில் ஸ்டார்ட் சுவிட்ச் போய் வெகு நாளாகிறது. ஓட்டுகிறவர் கீழே நின்று ஸ்குரூ டிரைவரை செல்ஃப் மோட்டாரில் வைத்துப் பொறி பறக்க ஸ்டார்ட் செய்கிறார். பயமாக இருக்கிறது என்றால், ‘இருபது வருஷமா இப்படித்தாங்க’ என்கிறார். என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் பார்த்துக்கொண்டார். இப்போது நான்தான் பார்க்கிறேன். நான் பயப்படுவது சரியா?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: நூற்றுக்கு நூறு சரி அம்மணி. இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். சுவிட்ச் மாற்றிய பிறகு மாட்டிக்கொள்ளட்டும்.

காரணத்தை அவருக்கு இப்படிச் சொல்லுங்கள். செல்ஃப் மோட்டாரைத் தொட அவர் நிற்கிற இடம் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே. சீட்டில் ஆள் இல்லை, கிளட்சை மிதிக்க ஆள் இல்லை. நேற்று மாலை நிறுத்தும்போது கியரில் விட்டிருந்தால், செல்ஃப் சுற்றிய நொடியே டிராக்டர் நகரும். டீசல் எஞ்சின் அப்படியே பற்றிக்கொள்ளும், கையை எடுத்தால் நின்றுவிடாது. பின் சக்கரம் அவர் மேல்தான் முதலில் ஏறும். சில மாடல்களில் கிளட்ச் மிதித்தாலோ நியூட்ரலில் இருந்தாலோதான் ஸ்டார்ட் ஆகும்படி ஒரு பாதுகாப்பு சுவிட்ச் வைத்திருப்பார்கள். ஸ்குரூ டிரைவர் அதையும் சேர்த்துத் தாண்டிவிடுகிறது. இருபது வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்றால், இருபது வருடமாக நியூட்ரலில் நிறுத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

சாவி சுவிட்ச், ஒரு ரிலே, கொஞ்சம் ஒயர், எலக்ட்ரீஷியன் கூலி. ஒரு மூட்டை உரம் வாங்குகிற காசில் முடிகிற வேலை. ஓட்டுகிறவர் முகம் சுளித்தால் அவரைக் குறை சொல்கிற மாதிரி பேச வேண்டாம். ‘சாவி என் கையில் இருக்கணும், வண்டி திருடு போகுது’ என்று சொல்லிவிடுங்கள். காரணம் எதுவாக இருந்தால் என்ன?

எலக்ட்ரீஷியன் வந்திருக்கும்போதே இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். டிராக்டரில் பிரேக் பெடல் இடம், வலம் என்று இரண்டு. உழும்போது வயல் முனையில் சட்டென்று திருப்ப ஒரு பக்கம் மட்டும் மிதிப்பார்கள். டிரெய்லர் மாட்டினாலோ ரோட்டில் ஏறினாலோ இரண்டையும் சேர்த்துப் பூட்டுகிற தாழ்ப்பாளைப் போட வேண்டும். பழைய டிராக்டரில் அந்தத் தாழ்ப்பாள் இருக்காது, கழன்று விழுந்து எங்கேயோ போயிருக்கும். பட்டறையில் ஒரு பட்டைக் கம்பியில் செய்து தருவார்கள்.

இன்னொன்று, பின்னால் சுற்றுகிற பி.டி.ஓ. தண்டுக்கு (பின்னால் மாட்டுகிற கருவிகளை ஓட்ட எஞ்சின் சுற்றுகிற தண்டு) மூடி. அது நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. வேட்டி முனையோ துண்டோ சேலைத் தலைப்போ மாட்டினால், என்ன நடக்கிறது என்று தெரிவதற்குள் ஆளை இழுத்துவிடும். களத்தில் கதிரடிக்கும்போது பக்கத்தில் நிற்கிற பெண்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: 15 வருடம் ஆன வண்டியை வீட்டில் நிறுத்தி வைத்திருந்தாலே இனி எடுத்துப்போய் நொறுக்கிவிடுவார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
– வாசகர், பாபநாசம்

பதில்: டெல்லிச் செய்தி பாபநாசம் வரை வந்திருக்கிறது. பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டியும் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்று உத்தரவு வந்தது டெல்லிக்கும் அதைச் சுற்றிய தலைநகர வட்டாரத்துக்கும்தான். 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. தமிழ்நாட்டில் சொந்த உபயோக வண்டிக்கு 15 வருடத்தில் பதிவு முடியும், அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். அரசாங்கத்துக்குச் சொந்தமான வண்டிகளுக்கு மட்டும் 2023 ஏப்ரலிலிருந்து 15 வருடத்தோடு சரி. அந்தச் செய்தியையும் இதையும் யாரோ கலக்கிவிட்டிருக்கிறார்கள்.

கேள்வி: தோட்டத்தில் நிற்கும் பழைய அம்பாசடரின் கண்ணாடியை மயில் கொத்தியே உடைத்துவிட்டது. எலி ஒயரைத் தின்கிறது. என்ன செய்ய?
– வாசகர், காங்கேயம்

பதில்: ஆண் மயில் கண்ணாடியில் தெரிவது இன்னொரு மயில் என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறது. சைடு கண்ணாடிக்குச் சாக்குப் பையைக் கட்டிவிட்டால் சண்டை முடிந்தது. வண்டியில் மெழுகு போட்டு மினுக்காமல் இருப்பதும் நல்லது, கதவிலும் கொத்தும். எலிக்கு ஒரே வைத்தியம்தான் எனக்குத் தெரியும்: வண்டி நகர வேண்டும். வாரம் ஒரு தடவை எடுத்து ஒரு சுற்று ஓட்டி, வேறு இடத்தில் நிறுத்துங்கள். நிற்கும்போது பானட்டைத் திறந்தே வையுங்கள். எலிக்கு இருட்டும் சூடும் வேண்டும், வெளிச்சம் பட்டால் கூடு கட்டாது. புகையிலை, நாப்தலின் உருண்டை எல்லாம் முதல் வாரத்துக்குத்தான். பேட்டரியில் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்தால், தின்ற ஒயர் உரசித் தீப்பிடிக்கிற ஆபத்தாவது இல்லை. சீட்டுக்கு அடியில் கை விடுவதற்கு முன் ஒரு தட்டு தட்டுங்கள். எலி இருக்கிற இடத்தைத் தேடி எது வரும் என்று காங்கேயத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: ஓடாத டெம்போவைப் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு 30 ஆயிரத்துக்குக் கொடுத்துவிட்டேன். ‘தோட்டத்துக்குள்தானே ஓட்டப் போறேன், பேர் மாத்தி என்ன ஆகுது’ என்கிறார். நல்ல மனிதர். விட்டுவிடலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: நல்ல மனிதராகவே இருக்கட்டும். அவர் மகனும் மருமகனும் எப்படி என்று உங்களுக்குத் தெரியுமா? ஒரு நாள் அந்த டெம்போவுக்கு எஞ்சின் வேலை பார்த்து, கரும்பு ஏற்றிக்கொண்டு சர்க்கரை ஆலை ரோட்டில் ஏறினால், ரெக்கார்டில் ஓனர் நீங்கள்தான். 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. வண்டி கை மாறியிருந்தாலும், பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. அந்த வழக்கில் வண்டி ஒரு கையல்ல, பல கை மாறியிருந்தது. அப்படியும் முதல் ஆள்தான் மாட்டினார்.

படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு இப்போதே கொடுத்துவிடுங்கள். வண்டி விற்ற 14 நாளுக்குள் நீங்கள் தெரிவித்திருக்க வேண்டும். தாமதமானாலும் பரவாயில்லை, போங்கள். ‘என்னை நம்பவில்லையா’ என்று அவர் கேட்டால், ‘என் பிள்ளை ஒத்துக்க மாட்டேங்கிறான்’ என்று பழியைப் பிள்ளை மேல் போட்டுவிடலாம். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

வண்டி இனி ஓடவே ஓடாது, உதிரிக்குத்தான் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. நிரந்தரமாக ஓட்ட முடியாமல் போன வண்டியை ஆர்.டி.ஓ.வில் தெரிவித்து, ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்யலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ம் பிரிவு இது. பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்தால் ஒப்படைப்புச் சான்றிதழும் தருவார்கள். எடைக்கு எடுக்கிறவரிடம் ஆர்.சி. புத்தகத்தோடு கொடுத்துவிட்டு வருவது மட்டும் வேண்டாம். நம்பர் பிளேட்டும் ஆர்.சி.யும் தனியாகக் கிளம்பிவிட்டால், அது எந்தத் திருட்டு வண்டியில் போய் உட்காரும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: பால் கேன் எடுக்கப் பழைய ஆம்னி வைத்திருக்கிறேன். தோட்டத்துக்குள் மட்டும்தான். பத்து நாள் நின்றால் ஸ்டார்ட் ஆவதில்லை. பெட்ரோலும் கட்டுபடியாகவில்லை. வீட்டு கேஸ் சிலிண்டரை மாட்டி ஓட்டலாம் என்கிறார் ஒருவர்.
– வாசகர், திண்டிவனம்

பதில்: சிலிண்டர் யோசனை சொன்னவரிடம் இனி எந்த யோசனையும் கேட்காதீர்கள். சட்டத்துக்கு விரோதம் என்பது ஒரு பக்கம். வீட்டு சிலிண்டர் குலுங்குகிற வண்டிக்குள் வைக்கச் செய்ததில்லை. ஆம்னியோ நாலு பக்கமும் அடைத்த வண்டி. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம். ஒழுகினால் மேலே போகாது, உங்கள் காலடியில் தேங்கும்.

ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய கார்புரேட்டரின் ரப்பரையும் வாஷரையும் மெல்ல உப்பவைத்து இளக்கும். தினம் ஓடுகிற வண்டியில் அது பெரிதாகத் தெரியாது. நிற்கிற வண்டியில் கார்புரேட்டர் கிண்ணத்தில் மிஞ்சியது ஆவியாகி, பிசின் மாதிரி ஜெட்டை அடைத்துவிடும். டேங்கை நிரப்பி வைக்காதீர்கள், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஊற்றுங்கள். நிறுத்தி வைக்கிற நாளில் பம்புக்கு வருகிற பெட்ரோல் டியூபை அடைத்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். கிண்ணம் காலியாகிவிடும். ரப்பர் டியூப் எல்லாவற்றையும் எத்தனாலுக்குத் தாங்குகிற வகையாக ஒரு தடவை மாற்றிவிடுங்கள். டீசல் வண்டிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அவர்களுக்கு டேங்க் அடியில் தண்ணீர் தேங்கும், வருடம் ஒரு தடவை டிரெயின் நட்டைத் திறந்துவிட்டால் போதும்.

இன்னொன்று. பால் கேனுக்கு ஒரு பழைய டி.வி.எஸ். 50 போதுமே? ஆம்னியை விற்றுவிடுங்கள் என்று சொல்லவில்லை. யோசியுங்கள்.

கேள்வி: பழைய மெட்டடோர் வேன் பாடி எல்லாம் போய்விட்டது, டீசல் எஞ்சின் மட்டும் நன்றாக இருக்கிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் தண்ணீர் எடுக்க, எஞ்சினையும் பம்பையும் கிணற்றுக்குள் திட்டில் இறக்கி வைக்கலாமா? கிணறு 70 அடி, தண்ணீர் 45 அடியில்.
– வாசகர், உடுமலை

பதில்: கிணற்றுக்குள் எஞ்சின் இறக்கவே கூடாது. ஏன் இறக்க நினைக்கிறீர்கள் என்று புரிகிறது. மேலே வைத்தால் 45 அடியிலிருந்து பம்ப் இழுக்காது. கணக்குப்படி எந்தப் பம்பும் 34 அடிக்கு மேல் உறிஞ்ச முடியாது, காற்றழுத்தம் தள்ளுவது அவ்வளவுதான். நடைமுறையில் 20, 22 அடிக்கே திணறும். அதனால் பம்பை தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோகத் தோன்றும். ஆனால் எஞ்சின் புகை கிணற்றுக்குள் தேங்கிவிடும். அதில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இறங்கினவர் மயங்குவார். அவரைத் தூக்க இறங்கினவரும் மயங்குவார். ஒரே வீட்டில் அப்பாவும் மகனுமாகப் போன கதை நம் பக்கத்தில் கேட்காதவர் யார்? புகைக்குழாயை நீட்டி மேலே விட்டால் போதும் என்பார்கள். எழுபது அடிக் கிணற்றில் நடுவே ஒரு கப்ளிங் தளர்ந்தால் யாருக்குத் தெரியும்?

அந்த எஞ்சினை எறிய வேண்டாம். ஆல்டர்னேட்டரை (கரண்ட் தயாரிக்கிற கருவி) பெல்ட்டில் மாட்டி, மேலே கொட்டகையில் வைத்து, கிணற்றிலிருக்கிற நீர்மூழ்கி மோட்டாரையே ஓட்டலாம். மோட்டார் ஐந்து ஹெச்.பி. என்றால் ஆல்டர்னேட்டர் அதைப்போல இரண்டரை மடங்காவது இருக்க வேண்டும், ஸ்டார்ட் ஆகும்போது அவ்வளவு கரண்ட் கேட்கும். ரேடியேட்டரையும் ஃபேனையும் கழற்றாமல் சேஸிஸோடு வெட்டி எடுங்கள், அதுவே ஸ்டாண்டாகிவிடும். மின்வாரிய லைனும் ஜெனரேட்டர் லைனும் ஒருபோதும் சேராதபடி சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம். இல்லாவிட்டால் நீங்கள் ஓட்டுகிற கரண்ட் கம்பத்தில் ஏறியிருக்கிற லைன்மேனுக்குப் போகும். சேஸிஸை வெட்டுவதற்கு முன்னால் ஆர்.சி.யை ரத்து செய்துவிடுங்கள். ஆல்டர்னேட்டர் வாங்கப் போகும்போது எஞ்சின் எத்தனை ஆர்.பி.எம்.மில் ஓடும், புல்லி அளவு என்ன என்று எழுதிக்கொண்டு போங்கள். 1,500-ல் சுற்ற வேண்டிய ஆல்டர்னேட்டரை 2,000-ல் சுற்றினால் மோட்டார் காயில் போய்விடும்.